டெக்குக்கு மேல ஹொட் டப் வைக்க முதல் ஆக்கள் விடுற பிழையள்

போன கிழமை ஸ்காபரோவில இருக்கிற மச்சான் வட்ஸ்அப்பில எடுத்து, தன்ர பின்வளவு டெக்கை, அதான் வீட்டோட சேத்து மரத்தில கட்டின மேடையை, சுத்திக் காட்டிப்போட்டு, "மச்சான், மகளின்ர பேத்டேக்கு இருபது பேர் இதில நிண்டு ஆடினவை, ஒரு அசைவில்லை, ஹொட் டப் வைக்கலாம் தானே?" எண்டு கேட்டான். ஹொட் டப் எண்டா கனபேர் ஒண்டா இறங்கி இருக்கிற பெரிய சுடுதண்ணித் தொட்டி. நான் கோண்டாவிலில வீட்டு பிளான் கீறுற ஆள், கனடா மரவேலை எனக்குப் பெரிசாத் தெரியாது, ஆனா நிறை எண்டா எந்த ஊரிலயும் நிறை தானே.

முதல் பிழை அந்தக் கேள்விக்குள்ளயே கிடக்கு. இருபது பேர் ஒண்டரைத் தொன் வருவினம், ஓம், ஆனா டெக் முழுக்கப் பரவி நிண்டுபோட்டு ராவோட வீட்ட போயிடுவினம். டப் ஒரு மூலையில குந்தினா குந்தினது தான். மரம் கனநாள் பாரத்துக்கு மெல்ல மெல்ல வளையும், அதால "தண்ணியை நிரப்பிப் பாப்பம், தாங்கினா விடுவம்" எண்ட சோதனையும் வேலைக்காகாது, முதல் நாள் தாங்கத்தான் செய்யும்.

அடுத்தது, விளம்பரத்தில போட்டிருக்கிற நிறையை நம்புறது. 350 கிலோ எண்டு இருக்கும், அது வெறும் டப். ஆறு பேர் இருக்கிற, 7 அடிக்கு 7 அடி டப் ஒண்டு 1300 லீற்றர் தண்ணி பிடிக்குமெண்டா அது 1300 கிலோ, உள்ள இறங்கிற ஆறு பேரும் ஒரு 450 கிலோ, எல்லாம் சேத்தா 2100. எங்கட கணக்கில 42 பை சீமெந்து! சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 95 றாத்தல் வரும். அங்க சாதாரண வீட்டு டெக் சதுர அடிக்கு 40 றாத்தல் எண்ட கணக்கில தான் கட்டுறது, பனி கூட விழுற இடமெண்டா அதுக்கேத்த மாதிரி கூட்டுவினம்.

மேல நிண்டு பலகையைப் பாத்து "நல்ல தடிப்பு" எண்டு சொல்லுறது தான் எல்லாரும் செய்யிற வேலை. பலகையில ஒண்டுமில்லை, கீழ போய்ப் பாக்கவேணும். மச்சானை டோர்ச்சோட டெக்குக்குக் கீழ குனியச் சொன்னன், புறுபுறுத்துக்கொண்டு தான் போனான். வீட்டுச் சுவரோட டெக்கைப் பிடிச்சிருக்கிற நீட்டுச் சட்டத்தில போல்ட் ஒண்டுமில்லை, வெறும் ஆணி. டெக்குகள் இடிஞ்சு விழுறதில கனக்க அந்த இடம் கழண்டு தான். ஸ்குறூ ட்ரைவரால அந்தச் சட்டத்தைக் குத்திப் பார் எண்டன், ஒரு இடத்தில கேக்குக்குள்ள போற மாதிரி உள்ள போச்சு, மழைத்தண்ணி இறங்கி உக்கிப்போய்க் கிடக்கு. ஒரு தூணுக்கு அத்திவாரமே இல்லை, நடைபாதைக் கல்லுக்கு மேல நிக்குது. ரொறன்ரோப் பக்கம் நிலம் உறையிற ஆழத்துக்குக் கீழ, கிட்டத்தட்ட 4 அடிக்கு, தூணின்ர அடி போகவேணும், இல்லாட்டி குளிருக்கு மண் உறைஞ்சு தூக்கும், பிறகு இளகி இறக்கும்.

உடன அவன் "அப்ப கீழ ஒரு பிளைவூட் விரிச்சு விடுறன்" எண்டான். பிளைவூட் விரிச்சா 2100 கிலோ 2000 ஆகுமே? சட்டமும் தூணும் அதே பாரத்தைத் தானே சுமக்கவேணும்.

சிரிக்காதேங்கோ, இப்ப இது எங்கட ஊர்க் கதையும் தான். வெளிநாட்டுக் காசில மேல்வீடு கட்டுறவை பல்கனியில டப் கேக்கினம், "கொங்கிறீற் தானே" எண்டு. வீட்டுத் தளத்துக்கு வழமையாச் சதுர மீற்றருக்கு 150 தொடக்கம் 200 கிலோ தான் கணக்கு, இந்த டப் 460க்கு மேல. அதுவும் தூணில்லாமல் வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிற பல்கனிக்கு முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்கவேணும். கொங்கிறீற் போடேக்க வேலையாக்கள் அதுக்கு மேல ஏறி நடந்து மிதிச்சு அடிக்கு இறக்கிப்போடுவினம், பூசி முடிச்சாப் பிறகு ஆருக்குத் தெரியும்? பல்கனி சுவரோட சேருற இடத்தில, மேல்பக்கமா, நீட்டுக்கு வெடிப்பு இருந்தா டப்பை விடுங்கோ, பூச்சாடி வைக்கவே யோசியுங்கோ. கடற்கரைப் பக்க வீடெண்டா அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கோ, உப்புக்காத்துக்குக் கம்பி துருப்பிடிச்சு ஊதி, கொங்கிறீற் செதில் செதிலாக் கழண்டிருக்கும். அதுக்குச் சாந்து பூசி மறைச்சுப்போட்டு "திருத்தியாச்சு" எண்டு சொல்லுற மேசன்மாரும் இருக்கினம்.

கட்டின மேசனிட்டையே "தாங்குமோ" எண்டு கேக்கிறதும் பிழை தான், தான் கட்டினதை ஆர் தாங்காதெண்டு சொல்லுவினம். கட்டமைப்பு எஞ்சினியர் ஒராளைப் பிடியுங்கோ, பிளானையும் டப்பின்ர நிரம்பின நிறையையும் கையில குடுங்கோ. மச்சானுக்கு நான் சொன்னது, டெக்கை விட்டுட்டு அதுக்குப் பக்கத்தில நிலத்தை இறுக்கி 4 இஞ்சிக்குக் கம்பி வச்சுக் கொங்கிறீற் போட்டு அதில வை எண்டு. "டெக்கில இருந்தா வடிவடா" எண்டு இன்னும் இழுத்துக்கொண்டு தான் நிக்கிறான், மச்சாள் மட்டும் பின்னால நிண்டு "அண்ணர் சொல்லுறதைக் கேளுங்கோ" எண்டவ.