கடன் நோட்டிலிருந்து முதல் தரவுத்தளம்

பினாங்கு லெபோ பாசார் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமாவின் கடன் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே தரவுத்தளமாக்குவோம். சர்வர் எதுவும் வேண்டாம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்புதான். டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, நியூ டேட்டாபேஸ் பொத்தானை அழுத்தி, 'கடை' என்று சேமியுங்கள்.

முதல் அட்டவணை 'வாடிக்கையாளர்'. அட்டவணைக்கும் பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும். எண், பெயர், தொலைபேசி என மூன்று பத்திகள் போதும். 'எண்' பத்திக்கு இன்டீஜர் (முழு எண்) வகை கொடுத்து, பிகே கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதுதான் முதன்மைத் திறவுகோல், அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பத்தி.

பெயரையே திறவுகோலாக வைத்தால் என்ன? நம்மிடையே குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரைச் சேர்த்தாலும் இரண்டு முனியாண்டிகள் ஒரே மாதிரி வந்து நிற்பார்கள். மலேசிய அடையாள அட்டை எண் தனித்தன்மை உடையதுதான். ஆனால் அதன் முதல் 6 இலக்கங்களே பிறந்த தேதியைச் சொல்லிவிடும்; அரிசிக் கணக்குக்கு அது எதற்கு? எண்ணை மென்பொருளே கொடுக்கட்டும்.

தொலைபேசிக்கு டெக்ஸ்ட் (எழுத்து) வகை கொடுங்கள். இன்டீஜர் கொடுத்தால் 04 என்று தொடங்கும் எண்ணின் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போகும்.

இரண்டாவது அட்டவணை 'கடன்': எண், வாடிக்கையாளர்_எண், தேதி, தொகை. 12.50 ரிங்கிட்டை 1250 சென் என்று முழு எண்ணாக எழுதுங்கள். தசமமாக வைத்தால் கூட்டும்போது நுண்ணிய பிழை சேரும். எஸ்கியூலைட்டில் தேதிக்குத் தனி வகை இல்லை. 2025-03-14 என்ற வடிவில் டெக்ஸ்டாக எழுதினால் வரிசைப்படுத்துவது சரியாக வரும்.

இனி இணைப்பு. 'வாடிக்கையாளர்_எண்' பத்தியின் ஃபாரின் கீ (அயல் திறவுகோல்) கட்டத்தில் முதல் அட்டவணையின் 'எண்' பத்தியைத் தேர்ந்தெடுங்கள். 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறை மாதிரியின் அழகு இங்கேதான் தெரியும். தொலைபேசி எண் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும், நூறு கடன் வரிகளைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்துவிட்டு, இல்லாத 99-ஆம் எண்ணுக்குக் கடன் எழுதிப் பாருங்கள். மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால் எடிட் பிராக்மாஸ் (அமைப்புகள்) பகுதியில் ஃபாரின் கீஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பைத்தான் நிரல்மொழியிலிருந்து இந்தத் தரவுத்தளத்தை இணைக்க எதையும் தனியாக நிறுவ வேண்டாம், எஸ்கியூலைட்3 தொகுதி அதனுடனேயே வருகிறது. கனெக்ட் செயற்கூறுக்குக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அது புகார் சொல்லாது; புதிதாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிடும். பிறகு 'நோ சச் டேபிள்' (அப்படி ஓர் அட்டவணை இல்லை) என்று பிழை வந்தால் முதலில் பாதையைச் சரிபாருங்கள். அயல் திறவுகோல் சோதனையையும் ஒவ்வோர் இணைப்பிலும் பிராக்மா கட்டளையால் நீங்களே இயக்க வேண்டும்.

பைத்தானிலிருந்து எழுதியபின், மாற்றத்தைச் சேமிக்கும் கமிட்டைக் கொடுக்க மறக்காதீர்கள். 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' (தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது) என்று வந்தால், பெரும்பாலும் டிபி பிரவுசரில் மாற்றங்களைச் சேமிக்கும் ரைட் சேஞ்சஸ் பொத்தானை அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். அதை அழுத்திவிட்டு மறுபடி இயக்குங்கள்.