மலையகத்துக்கு எவ்வளவு வந்தது? திறைசேரிக் கணக்கைச் சரிபார்க்கும் முறை

“எல்லாம் வடக்குக்கே போகிறது”, “கொழும்பே விழுங்கிவிடுகிறது”, “எங்கள் தேயிலையில்தான் நாடு ஓடுகிறது, எங்களுக்கு ஒன்றுமில்லை.” வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் காலத்தில் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இந்த மூன்று வாதங்களும் தவறாமல் எழும். மூன்றையும் ஆவணத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திறைசேரியின் இணையத்தளத்தில் ‘வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகள்’ தமிழிலும் கிடைக்கும். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்தின் செலவும் ஒரு தலைப்பு எண்ணின் கீழ் இருக்கும், அதைத் தேடுங்கள். மத்திய மாகாண சபை 313, ஊவா 318, சப்ரகமுவ 319. தொகைகள் ஆயிரம் ரூபாவில் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று பூச்சியங்களை விட்டுவிட்டுச் சண்டை பிடிப்பவர்கள் ஏராளம். 260 நுவரெலியா மாவட்டச் செயலகம், 276 பதுளை. இந்த இரண்டிலும் கவனம் தேவை. அங்கே இருப்பது கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகங்களும் இயங்குவதற்கான செலவுதான். அதை எடுத்து “முழு மாவட்டத்துக்கும் இவ்வளவுதான்” என்று மேடையில் சொன்னால் எதிராளி ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்.

ஒரே வரிசையில் பல ஆண்டுகளுக்கான தொகைகள் இருக்கும். முடிந்த ஆண்டின் உண்மைச் செலவை இன்னொரு மாகாணத்தின் உண்மைச் செலவோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒதுக்கீடு என்பது வாக்குறுதி. திறைசேரி காசை விடுவித்தால்தான் அது கல்லும் தாருமாக மாறும். ஆண்டு முடிவில் விடுவிக்கப்படாமல் தேங்கிய பில்கள் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டைத் தின்றுவிடுவதால், கூடிய ஒதுக்கீடு கிடைத்த ஆண்டிலும் புதிய வேலை எதுவும் தொடங்காமல் போகலாம்.

இனி 313க்குள் வாருங்கள். மீண்டெழும் செலவையும் (சம்பளம் போல ஆண்டுதோறும் வருவது) மூலதனச் செலவையும் (வீதி, கட்டடம் போன்றவை) தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். மீண்டெழும் பக்கத்தில் பெரிய தொகை பிளொக் கிராண்ட் எனப்படும் தொகுதிக் கொடை. அதில் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதார ஊழியர், அலுவலர் சம்பளம். அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரை, மாகாணங்களுக்கான நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழு சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் சம்பளக் கொடை ஏற்கெனவே இருக்கும் ஆளணியைப் பின்தொடர்கிறது. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைக்கு அந்தச் சம்பளமும் வராது. பழைய குறையை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுசெல்லும் வழி இதுதான். மலையகத்தின் வாதம் இங்கே நின்றால் அசைக்க முடியாது. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேலை பெரிதும் மூலதனப் பக்கத்தில் உள்ள மாகாண அபிவிருத்திக் கொடையின் தலையில் விழுகிறது. அலுவலகங்களில் அதை பி.எஸ்.டி.ஜி. என்பார்கள்.

அடுத்து, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 2012 தொகைமதிப்பின்படி மத்திய மாகாணத்தில் 25,71,557 பேர், ஊவாவில் 12,66,463 பேர். அண்மைய ஆண்டுகளுக்கு 2024 தொகைமதிப்பை எடுங்கள். மாகாண சராசரியோடு நின்றுவிடக் கூடாது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் ஒரே 313க்குள் கிடக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டத்துறையினர். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்ட எல்லைக்குள் செலவிடுவதற்குப் பிரதேச சபைச் சட்டமே தடையாக இருந்தது. மாகாணத்துக்கு வந்த காசு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசல்வரை வந்ததாகக் கொள்ள முடியாது.

மிகவும் சிக்கலான கேள்வி: இடத்தை வைத்து எண்ணுவதா, பயனை வைத்தா? தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் எழுந்தது. செலவு நுவரெலியாவில், மின்சாரம் தேசிய வலையமைப்புக்கு. ஆற்று நீரைச் சுரங்கப்பாதை வழியே திருப்பும் உமா ஓயாத் திட்டம் இன்னும் கூர்மையான உதாரணம்: சுரங்கப்பாதை தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது, பாசன நீரோ மொணராகலை, அம்பாந்தோட்டைப் பக்கம் போகிறது. இடத்தை மட்டும் பார்த்தால் பதுளை கொடுத்துவைத்த மாவட்டம்! மறுபக்கமும் உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் உள்ளது, 313இல் வராது. ஆனால் நுவரெலியா நோயாளிகளும் அங்கேதான் போகிறார்கள். தேசியப் பாடசாலைகளின் செலவும் கல்வி அமைச்சின் தலைப்பில்தான். இவற்றைத் தனித் தாளில் ‘மத்திய அமைச்சுகள்’ என்று குறித்து, எந்த விதியில் எண்ணினீர்கள் என்பதை மேலே ஒரு வரியில் எழுதுங்கள். இரு தரப்பும் ஒரே விதியை ஏற்காதவரை வாதத்துக்கு முடிவில்லை.

வருமானப் பக்கத்தில் இரண்டு பொறிகள். தேயிலை ஏற்றுமதி ஈட்டும் டொலர் நாட்டின் அந்நியச் செலாவணி. அது முழுவதும் அரசின் வரி வருமானமல்ல. இன்னொன்று, தோட்டக் கம்பனிகளின் தலைமையகமும் தேயிலை ஏலமும் கொழும்பில் இருப்பதால் வரியும் அங்கேயே பதிவாகிறது. மேல் மாகாணமே நாட்டுக்குச் சோறு போடுகிறது என்ற வாதத்தில் நம் கொழுந்தும் கலந்திருக்கிறது.

புத்தகத்தில் இல்லாததைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்லேகலையில் உள்ள மத்திய மாகாண பிரதம செயலாளர் அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “மலையகத்துக்கு என்ன செய்தீர்கள்” என்று கேட்டால் துண்டுப்பிரசுரம்தான் வரும். ஒரு நிதியாண்டைக் குறித்து, பி.எஸ்.டி.ஜி. ஒதுக்கீடு, திறைசேரி விடுவித்த தொகை, செலவிட்ட தொகை ஆகிய மூன்றையும் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, தோட்டம் கிராமம் என்று பிரித்துத் தரும்படி கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா மறுப்பதா என்பதை அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கும், அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். ஒப்புகை கையில் இல்லாவிட்டால் திகதியை நிரூபிக்க முடியாமல் மேன்முறையீடு அங்கேயே விழுந்துவிடலாம்.