உப்பு டப்பாவை மூடிவிட்டுத் தஹீனைத் திறங்கள்

தஹீன் என்ற மெக்சிகோ மசாலாத்தூள் புட்டியை முதன்முறை வாங்குகிறவர்கள் அதன் சிவப்பைப் பார்த்து மிளகாய்த்தூள் என்றே நினைக்கிறார்கள். வழக்கம்போல உப்புப் போட்டுச் சமைத்து, காரத்துக்கு இதையும் ஒரு கரண்டி போடுகிறார்கள். அப்புறம் வாயில் வைக்க முடிவதில்லை. புட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கால் டீஸ்பூன், அதாவது 1 கிராமுக்கு, 190 மில்லிகிராம் சோடியம். உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம் என்பதால், கணக்குப் போட்டால் எடையில் கிட்டத்தட்ட பாதி உப்புதான். மீதிதான் மிளகாய், உலர்த்திய எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம். மிளகாயிலும் ஆர்போல், குவாஹியோ, பாசியா என்று மூன்று வகை. அவற்றில் காரம் ஆர்போலுக்குத்தான். மற்ற இரண்டும் நிறத்துக்கும் மணத்துக்கும். நம் நாக்குக்கு இது காரத்தில் சேர்த்தியே இல்லை. புளிக்கிற உப்பு என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வரும்.

கம்பெனி 1985-இல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தொடங்கியது. பழத்தில் உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிடுவது அதற்கு ரொம்ப முந்தைய வழக்கம். இவர்கள் அதைப் புட்டியில் அடைத்தார்கள்.

ஆகவே பழத்திலிருந்தே ஆரம்பியுங்கள். நான் இருக்கும் அமெரிக்க நகரமான சான் அன்டோனியோவில் பழக்கடைக்காரர்கள் மாம்பழம், தர்பூசணி, அன்னாசி, வெள்ளரி, ஹிக்காமா என்று எல்லாவற்றையும் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, கப்பில் நெட்டுக்குத்தாக நிறுத்திவைப்பார்கள். மேலே அரை எலுமிச்சையைப் பிழிந்த பிறகுதான் புட்டி கைக்கு வரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஈரம் இருந்தால்தான் தூள் ஒட்டும். உலர்ந்த வெள்ளரியில் தூவினால் பாதி தட்டில்தான் கிடக்கும். பழம் ஜில்லென்று இருக்கட்டும். தூவியதும் சாப்பிட்டுவிட வேண்டும். சற்று நேரம் விட்டால் உப்பு பழத்தின் நீரை இழுத்து, துண்டுகள் தொய்ந்து, கப்பின் அடியில் சிவப்பாகச் சாறு சேர்ந்துவிடும். அதைக் குடிக்கவென்றே கடைசி வரை காத்திருக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில்தான் இருக்கிறேன். மாம்பழம் என்றால் நன்றாகக் கனிந்தது வேண்டாம், பாதி பழுத்துக் கெட்டியாக இருப்பதை எடுங்கள். ஹிக்காமா பார்க்கப் பெரிய கிழங்குபோல இருக்கும்; தோலைக் கத்தியால் உரித்தெடுத்தால் உள்ளே வெள்ளையாக, மொறுமொறுவென்று, இலேசான இனிப்போடு இருக்கும். அதற்கென்று தனிச்சுவை அதிகமில்லாததால் தஹீன் அதில்தான் நன்றாக எடுபடுகிறது.

அடுத்தது சோளம். மெக்சிகோக்காரர்கள் எஸ்கித்தேஸ் என்று சோள மணிகளைக் கப்பில் தருவார்களே, அது. மூன்று கதிரின் மணிகளைக் கத்தியால் சீவி எடுங்கள். இரும்புச் சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு, பெரிய தீயில் மணிகளைப் பரப்பிவிட்டு, கிளறாமல் விடுங்கள். ஒன்றிரண்டு மணி படபடவென்று வெடிக்கும். அடியில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். ஒரு புரட்டுப் புரட்டி, மறுபடி விட்டு, இறக்குங்கள். இறக்கிய பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் மயோனைஸ், ஒரு கைப்பிடி உதிர்த்த கொத்திஹா சீஸ், அரை எலுமிச்சையின் சாறு, கொத்தமல்லி. உப்பு வேண்டவே வேண்டாம், கொத்திஹாவே நல்ல உப்பு. முக்கால் டீஸ்பூன் தஹீனில் பாதியைக் கலந்து, மீதியைப் பரிமாறும்போது மேலே தூவுங்கள். கொத்திஹா கிடைக்காவிட்டால் ஃபெட்டா போடலாம். பனீர்தான் இருக்கிறது என்றால் உதிர்த்துப் போட்டு, அதில் உப்பில்லாததால் தஹீனைக் கால் டீஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறாலுக்கும் இதே முறைதான்: பூண்டும் எண்ணெயும் புரட்டி வதக்கி, சட்டியை இறக்கி, ஈரம் காயும் முன் தூவுங்கள். அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். முன்னாலேயே பிசறிச் சூடான சட்டியில் போட்டால் மிளகாய்த்துகள் கருகிக் கசக்கும். பாலோ கிரீமோ சேர்த்துக் கொதிக்கிற சூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், புளிப்புக்குத் திரிந்துபோகும்.

புட்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆறு குவாஹியோ, இரண்டு ஆர்போல். காம்பும் விதையும் நீக்கி, வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் புரட்டுங்கள். சில நொடிதான், நிறம் மாறினால் கசப்பு. குவாஹியோவுக்குப் பதிலாகக் காஷ்மீரி மிளகாய் நிறத்தில் ஈடுகொடுக்கும். ஆனால் அளவில் சிறியது, இரண்டு மடங்கு எடுங்கள். மூன்று எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும் துருவி, தட்டில் பரப்பி நொறுங்கும்வரை உலர்த்துங்கள். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையே போதும். மெக்சிகோவில் பிழிகிற சின்னப் பழமும் அதே இனம்தான். மிளகாய் ஆறியதும் தோலையும், ஒரு டேபிள்ஸ்பூன் கல்லுப்பையும், ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். மாவாகிவிட்டால் பழத்தில் சேறுபோல அப்பிக்கொள்ளும். மிக்சியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அந்தத் தூசு மூக்கில் ஏறினால் அரை மணி நேரம் தும்மல்.

கடைப் புட்டியில் கட்டி பிடிக்காமலிருக்க சிலிக்கான் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். வீட்டுத்தூளில் அது இல்லை, ஈரம் பட்டால் உடனே கட்டியாகும். கொஞ்சமாக அரைத்து, இறுக மூடி வையுங்கள். எதுவானாலும் ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே புட்டியைக் கவிழ்க்காமல், உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு தூவுங்கள்.