ஏர் பில்டரை வீட்டிலேயே மாற்றும்போது தூசியை உள்ளே விட்டுவிடாதீர்கள்

தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்குத் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் மஞ்சி மில் களத்தில் காயும் நார், இன்னொரு பக்கம் எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பர். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து அடிக்கும்போது இவை எல்லாமே பானட்டுக்குள் வந்து சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் இழுக்கிறது. அதை வடிகட்ட இருப்பது ஏர் பில்டர் என்ற ஒரே ஒரு மடிப்புக் காகிதம்.

அதை மாற்றுவது கால் மணி நேர வேலைதான். ஆனால் வேலையில் கவனம் தப்பினால், பழைய பில்டரோடு ஓடியதைவிட மோசமாகிவிடும். கொஞ்சம் அழுக்கேறிய பில்டர் தூசியை நன்றாகவே பிடிக்கும். சரியாக உட்காராத புது பில்டர் பிடிக்காது. பில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜினைப் பார்த்த பக்கம், ஒரு சிட்டிகை மணல்கூடப் போகக்கூடாது. மணல் துகள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். அந்தத் தேய்மானத்தைத் திரும்பச் சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

முதல் தவறு பில்டர் இருக்கும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மூடியின் மேலும் கிளிப் இடுக்கிலும் படிந்திருக்கும் தூசியைத் துடைக்காமல் கிளிப்பை நெம்பினால், அத்தனையும் இன்ஜினுக்குக் காற்று போகும் ஓஸுக்குள் கொட்டும். முதலில் ஈரத்துணியால் சுற்றிலும் துடையுங்கள். காற்று வீசும் வாசலில் செய்யாமல், காலையில் காற்று எழும்புவதற்கு முன் ஒரு மறைவில் வைத்துச் செய்யுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். பழையதை எடுக்குமுன் அது உட்கார்ந்திருக்கும் விதத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பஞ்சர் கடைக் காற்று. பழைய பில்டரைக் கொண்டுபோய் டயருக்குக் காற்றடிக்கும் ஓஸால் ஊதிவிட்டுத் திரும்ப மாட்டுவது இங்கே பரவலான பழக்கம். அந்த அழுத்தத்தைக் கிட்டத்தில் பிடித்தால் காகிதம் நுண்ணிய அளவில் கிழியும், மடிப்பின் ஒட்டு விடும். பில்டர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் தூசியைத் தடுக்காது. இடையில் சுத்தம் செய்தே தீரவேண்டுமென்றால், அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டுங்கள், அவ்வளவு போதும். காகித பில்டரைத் தண்ணீரில் அலசவே கூடாது. எண்ணெய் தடவுவதும் வேண்டாம். அது பஞ்சு, துணி வகை பில்டர்களுக்கான முறை.

டப்பாவின் அடியில் கிடப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: நார்த்தூள், காய்ந்த இலை, செத்த பூச்சி, சில நேரம் எலி கொண்டுவந்து போட்ட தேங்காய் மட்டைத் துணுக்கு. இதை வாயால் ஊதாதீர்கள், மேலே கிளம்பி ஓஸுக்குள் போகும். ஓஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, வாக்குவம் கிளீனராலோ ஈரத்துணியாலோ அள்ளி எடுங்கள். பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனிக் கழிவுத்துணி) வேண்டாம், நூல் உதிரும். அடைத்த துணியை மறக்காமல் எடுக்க வேண்டும். அதற்காகவே கண்ணில் படும் நிறத்தில், பாதி வெளியே தொங்கும்படி பெரிய துணியாக வையுங்கள். அடிப்பகுதியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டை இருந்தால் அடைப்பை நீக்கிவிடுங்கள்.

புது பில்டரை வைக்கும் இடத்தில்தான் நிதானம் தேவை. ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பில்டர் வேறாக இருக்கலாம். பழையதையும் புதியதையும் அடுக்கி வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஏசி பில்டரை வாங்கி வந்துவிட்டுப் பொருந்தவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு. பில்டரைச் சுற்றி ஓடும் ரப்பர் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அது பள்ளத்தில் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஒரு மூலையில் மடங்கியிருந்தாலும் வடிகட்டாத காற்று அந்த வழியில் போகும். சில டப்பா மூடிகளில் ஒரு ஓரத்தில் நாக்குகள் இருக்கும்; அவற்றை முதலில் செருகிவிட்டுத்தான் எதிர்ப்பக்கக் கிளிப்பைப் போட வேண்டும். மூடி இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். பில்டரோ நாக்கோ இடம் மாறியிருக்கிறது. ஸ்க்ரூ வகையானால் கையால் சுற்றி ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக்கில் மரை போனால் மூடி நிரந்தரமாக இளகிவிடும்.

பல கார்களில் ஓஸ் ஆரம்பிக்கும் இடத்தில் காற்றை அளக்கும் சென்சார் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். வேலைக்காக அதன் பிளக்கைக் கழற்றியிருந்தால், 'டக்' என்று சத்தம் வரும்வரை மாட்டுங்கள். இதை மறந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி தடுமாறும்.

எப்போது மாற்றுவது? கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சாதாரண சாலைக்கானது. தூசிப் பகுதிக்கு அதே கையேட்டில் குறைந்த கணக்கு தனியாக இருக்கும், நமக்கு அதுதான். மைலேஜ் குறையட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்தால் முதலில் குறைவது இழுவைதான். புது பில்டர் கடையில் இல்லையென்றால் பழையதையே மாட்டி ஓட்டுங்கள். ஒரு நாள்தானே என்று பில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

மாற்றி ஒரு வாரம் கழித்து, இன்ஜின் ஆறிய பிறகு, டப்பாவின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, பில்டருக்கு அந்தப் பக்கம் சென்சார் படாத இடத்தில் வெள்ளைத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் விளிம்பு எங்கோ உட்காரவில்லை. எடுத்து மறுபடி வையுங்கள்.