இரவில் நீண்ட எக்ஸ்போஷர் படம் எடுப்பது எப்படி?

நீண்ட எக்ஸ்போஷர் என்றால் ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்துப் படம் எடுப்பது. டிரைபாட் (முக்காலி) இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். கேமராவை அதில் பூட்டியதும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (அதிர்வைக் குறைக்கும் வசதியை) அணைத்துவிட்டு, மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 15 நொடி என்று ஆரம்பியுங்கள். சாலையில் ஓடும் வண்டிகளின் விளக்குகள் கோடுகளாக விழ பெரும்பாலும் இது போதும். இருட்டாக வந்தால் 30 நொடிக்குப் போங்கள், ஐஎஸ்ஓவை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். அதற்கும் மேல் என்றால் பல்ப் மோடு (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), கூடவே ஒரு ரிமோட்.

ஃபோகஸ்தான் உண்மையான தலைவலி. இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் காட்சியில்) தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகத் தெரியும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருகி, அப்புறம் வளையத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். விரல் பட்டாலே அதிர்வு வரும் என்பதால் 2 நொடி டைமர் வையுங்கள். ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்த தகவலைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பில்) எடுத்தால் தெருவிளக்கின் மஞ்சளைப் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம்.