கொண்டைக்கடலையும் குச்சியும் வச்சு கிராஃபைட், வைரம், சி60 கட்டுறது எப்படி

என் அக்கா பையன் பத்தாவது படிக்கிறான், டெஸ்ட்ல "வைரம் தான் ரொம்ப கெட்டி, அதனால கார்பன்ல அதுதான் ரொம்ப ஸ்டேபிள்"னு எழுதி மார்க்க விட்டுட்டு வந்து நின்னான். நானும் அந்த வயசுல அப்படித்தான் நெனச்சேன். கெட்டியா இருக்கறது வேற, ஸ்டேபிளா இருக்கறது (எனர்ஜி கம்மியா, எறங்கி நிக்கறது) வேற, இத வாயால சொன்னா மண்டைல ஏறாது, கையால கட்டினா ஏறும். பென்சில்ல இருக்கற கிராஃபைட், வைரம், 60 அணு சேந்து பந்தா நிக்கற சி60, மூணும் வெறும் கார்பன் தான்; இங்க ஒரு கடலைன்னா ஒரு கார்பன் அணு, ஒரு குச்சின்னா ரெண்டு அணுவ சேக்கற பாண்ட்.

கருப்புக் கொண்டைக்கடலை ஒரு 130 எண்ணி எடுத்து ராத்திரி ஊற வைங்க. நான் மொத தடவ ரெண்டு நாள் ஊற விட்டுட்டேன், பாதி மொள விட்டுருச்சு, மீதி குச்சி குத்துனதும் ரெண்டா பொளந்துருச்சு, அதனால எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம். ரெண்டு பக்கமும் கூர் இருக்கற பல்லுக்குத்தற குச்சி 150, அப்புறம் தென்னந்தொடப்பத்துல இருந்து நாலஞ்சு ஈர்க்கு. கடலை காயக் காய சுருங்கி குச்சிய கவ்விப் பிடிச்சுக்கும், ரெண்டு நாள்ல மாடல் கல்லு மாதிரி ஆயிரும், ஃபெவிகால் எல்லாம் தேவையே இல்ல.

மொதல்ல கிராஃபைட், ஏன்னா அதுதான் ஈசி. ஒரு கடலைக்கு மூணே மூணு குச்சி, மூணும் ஒரே தளத்துல, நடுவுல 120 டிகிரி, ஃபேன் றெக்கை மாதிரி. நடுவுல ஒரு அறுகோணம் கட்டி சுத்தி ஆறு அறுகோணம் கட்டுனா ஒரு ஷீட் ரெடி, 24 கடலை 30 குச்சி. ஓரத்துல இருக்கறதுக்கு மூணாவது குச்சி இருக்காது, அங்க ஷீட் இன்னும் போய்க்கிட்டே இருக்குன்னு நெனச்சுக்கோங்க. இதே மாதிரி இன்னொன்னு கட்டி, கீழ நூல்ல தொங்க விடுங்க. எவ்ளோ கீழங்கறதுல தான் விஷயமே இருக்கு. ஷீட்டுக்குள்ள ரெண்டு கார்பனுக்கு நடுவுல 1.42 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா சென்டிமீட்டர்ல பத்து கோடில ஒரு பங்கு), ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் 3.35, அதாவது குச்சி ஆறரை சென்டிமீட்டர்னா ரெண்டாவது ஷீட் 15 சென்டிமீட்டர் கீழ தொங்கணும். எல்லா புக்லயும் படம் போடும்போது பக்கத்துல பக்கத்துல போட்டுருவாங்க, நேர்ல தொங்க விட்டுப் பாத்தா தான் அட இவ்ளோ தள்ளியான்னு தோணும். கூடவே கீழ் ஷீட்ட கொஞ்சம் நகத்தி வைங்க, மேல உள்ள கடலைல பாதி கீழ் கடலைக்கு நேரா, மீதி பாதி கீழ் அறுகோணத்தோட நடு ஓட்டைக்கு நேரா வரணும்.

கார்பனுக்கு வெளிய நாலு எலக்ட்ரான், குச்சி மூணு தான், நாலாவது எங்க? அது ஷீட் பூரா பரவி ஓடிக்கிட்டு இருக்கு, அதனால தான் கிராஃபைட்ல கரண்ட் போகுது. 8பி பென்சில்ல பேப்பர்ல குட்டையா தடிமனா ஒரு கோடு அழுத்தி இழுத்து, 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு எல்இடியையும் அது வழியா இணைச்சுப் பாருங்க, மங்கலா எரியும். இன்னொன்னு, லேயர் வழுக்குது அதான் கிராஃபைட் லூப்ரிகன்ட்டுன்னு புக்ல முடிச்சுருவாங்க, அது பாதி உண்மை தான், வழுக்கணும்னா காத்துல கொஞ்சம் ஈரமும் வேணும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரொம்ப உயரத்துல பறந்த விமானங்கள்ல மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்துக்கு உரசிக்கிட்டே கரண்ட் தர்ற கார்பன் பிரஷ் எல்லாம் மளமளன்னு தேஞ்சு போச்சு, மேல காத்துல ஈரம் இல்லாதது தான் காரணம்.

அடுத்தது வைரம். இதுல எல்லாரும் தப்பு பண்றது ஒரே எடத்துல தான், தட்டையா கட்டிருவாங்க. முக்காலிய நெனச்சுக்கோங்க, மூணு கால் கீழ விரிஞ்சு, நாலாவது குச்சி நேரா மேல, எந்த ரெண்டுக்கு நடுவுலயும் 109.5 டிகிரி. இங்க தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம், அதனால ஈர்க்க 7 சென்டிமீட்டரா சாய்ச்சு நறுக்கிக்கோங்க. ஆறு கடலைய வளையமா கட்டுங்க, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாறி மாறி இருக்கணும். மேல நிக்கிற மூணுலயும் நேரா ஒவ்வொரு குச்சி குத்தி, அது தலைல ஒவ்வொரு கடலை வச்சு, அந்த மூணையும் உச்சில ஒரே கடலைல சேத்துருங்க. 10 கடலை 12 குச்சி, வைரத்தோட ஒரு சின்னக் கூண்டு வந்தாச்சு. காஞ்சப்புறம் எந்தப் பக்கம் அமுக்கினாலும் அசையாது. இதுல வழுக்க லேயரும் இல்ல, ஓடறதுக்கு மிச்ச எலக்ட்ரானும் இல்ல.

இப்ப கணக்கு. ஒரு குச்சி ரெண்டு கடலைக்கும் பொது, அதனால வைரத்துல ஒரு கார்பனுக்கு 4 பாதி, 2 பாண்ட், கிராஃபைட்ல 3 பாதி, ஒன்றரை பாண்ட். 12 கிராம் கார்பன தனித்தனி அணுவா பிரிச்சு எடுக்க வைரத்துக்கு சுமார் 715 கிலோ ஜூல், கிராஃபைட்டுக்கு சுமார் 717. வகுத்துப் பாருங்க, வைரத்துல ஒரு பாண்டுக்கு 357, கிராஃபைட்ல 478. குச்சி எண்ணிக்கை கம்மி, ஆனா ஒவ்வொரு குச்சியும் பலம், காரணம் அந்த நாலாவது எலக்ட்ரான். பிரிக்க அதிக எனர்ஜி கேக்கறது தான் ஸ்டேபிள், கடைசில ரெண்டு கிலோ ஜூல்ல கிராஃபைட் ஜெயிச்சுருது. நம்ம வீட்டு வாண்டு கோட்ட விட்டது இங்க தான்.

அப்ப வைரமோதிரம் ஏன் பென்சில் தூளா மாறல? வைரம் திண்ணை, கிராஃபைட் தெரு, ஒசரம் ஒரு அடி தான் வித்தியாசம், ஆனா நடுவுல பனைமர ஒசரத்துக்கு ஒரு சுவர் நிக்குது. வைரம் கிராஃபைட்டா ஆகணும்னா அந்த நாலு குச்சில ஒண்ண பிடுங்கித்தான் ஆகணும், அதுக்கு எனர்ஜி யார் தர்றது? காத்து படாம 1700 டிகிரி செல்சியஸ் கிட்ட சூடு பண்ணா மாறும், காத்து இருந்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா போயிரும் (அம்மா மோதிரத்துல டெஸ்ட் பண்ணிராதீங்க). பூமிக்குள்ள ஆழத்துல கதை தலைகீழ், வைரம் அடர்த்தி 3.5, கிராஃபைட் 2.26, அமுக்க அமுக்க எடம் கம்மியா அடைக்கறது தான் தாக்குப்பிடிக்கும், அங்க வைரம் தான் தெரு.

கடைசியா சி60. பழைய கருப்பு வெள்ளை ஃபுட்பால் தான் இது, 60 கடலை, 90 குச்சி. 1985ல ரைஸ் யுனிவர்சிட்டில கிரோட்டோ, கர்ல், ஸ்மாலி டீம் கண்டுபிடிச்சது, 1996ல நோபல் வாங்குனாங்க. ஒரு ஐங்கோணம் கட்டி, அத சுத்தி அஞ்சு அறுகோணம், அப்படியே தொடருங்க. கிராஃபைட் ஷீட்ல ஒரு கடலைய சுத்தி 120 மூணு, 360, தட்டையா படுக்கும். இங்க 108, 120, 120, மொத்தம் 348 தான், 12 டிகிரி கொறையுது, அதனால குச்சிய நீங்க வளைக்கவே வேணாம், ஷீட் தானா கிண்ணம் மாதிரி குழியும். அந்த வளைவுக்கு வெல உண்டு, அதே 12 கிராம் கார்பனுக்கு கணக்கு போட்டா சி60 கிராஃபைட்ட விட 38-லிருந்து 40 கிலோ ஜூல் மேல நிக்குது, திண்ணை ஒரு அடின்னா இது 20 அடி ஒசரத்துல மாடி. அங்கயும் சுவர் இருக்கு, அதான் பாட்டில்ல போட்டு வச்சா அப்படியே இருக்கு.

மேல வந்து கூண்டு மூட மாட்டேங்குதுன்னா குச்சிய அமுக்காதீங்க, எண்ணுங்க. ஐங்கோணம் சரியா 12 இருக்கணும், ரெண்டு ஐங்கோணம் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, எந்தக் கடலைய தொட்டாலும் அதுல ஒரே ஒரு ஐங்கோணம் தான் வரணும். எனக்கு ரெண்டு தடவயும் தப்பு வந்தது மூணாவது வரிசைல தான், அங்க அவசரத்துல ஒரு அறுகோணத்துக்கு பதிலா ஐங்கோணத்த கட்டியிருந்தேன், கடலை ஈரமா இருக்கறப்பவே பாத்துட்டா கழட்டி மாட்டிரலாம், காஞ்சுருச்சுன்னா ஒடச்சுத்தான் எடுக்கணும்.