பத்மினி, கான்டெஸ்ஸா முன் ஸ்பிரிங்: கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் பழைய கார் வேலை என்றால் அம்பாசிடரில் கை பழகியவர்கள்தான் அதிகம். பழைய அம்பாசிடருக்கு முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கில் விசை தாங்கும் இரும்புத் தண்டு. சுருள் ஸ்பிரிங் கிடையாது. பத்மினி, கான்டெஸ்ஸா இரண்டிலும் முன்னால் அமுங்கி நிற்பது சுருள் ஸ்பிரிங். அம்பாசிடர் நினைப்பிலேயே அவற்றில் ஸ்பேனரை வைத்தால் வினைதான். பின் வீலுக்குக் கட்டை கொடுப்பது, ஸ்டான்டு இல்லாமல் அடியில் படுக்காமல் இருப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

இன்ஜினை முதலில் இறக்குவது

புதுப்பிக்க வண்டி வந்ததும் முதல் நாளே செயின் பிளாக் மாட்டி இன்ஜினைத் தூக்கிவிடுகிறார்கள். இத்தனை பேர் பட்ட பிறகும் இது மாறாததுதான் ஆத்திரமாக இருக்கிறது.

லோயர் ஆர்முக்கு (வீலையும் ஸ்பிரிங்கையும் தாங்கும் கீழ்க் கை) அடியில் ஜாக்கி கொடுத்து ஸ்பிரிங்கை அமுக்குகிறோமே, அந்த ஜாக்கிக்கு எதிரே அழுத்துவது வண்டியின் சொந்தக் கனம்தான். பத்மினியின் மொத்த எடையே சுமார் 900 கிலோ. முன் வீல் ஒன்றில் 200 கிலோவுக்கு மேல் இறங்கும். ஸ்பிரிங் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்தால், அது தாங்குவது ஏறக்குறைய அதற்கு இரண்டு பங்கு. இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பம்பர் எல்லாம் போன பிறகு ஜாக்கியை அடித்தால் ஸ்பிரிங் அமுங்காது. பாடிதான் ஸ்டான்டை விட்டு எழும்பும்.

உடனே, "ஏல, ரெண்டு பேரு முன்னால ஏறி உக்காருங்கலே!" பையன்கள் கிடைக்காவிட்டால் சிமெண்ட் மூட்டை. போல்ட் பாதி கழன்ற நேரத்தில் ஒரு பையன் குதித்து இறங்கினால் போதும். பாடி எழும்பும், ஆர்ம் ஜாக்கியிலிருந்து நழுவும், ஸ்பிரிங் தெறிக்கும். எதிரே முழங்காலோ முகமோ இருந்தால் எலும்பு நொறுங்கும்.

இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இறக்கியாயிற்று என்றால் ஜாக்கியை மறந்துவிட்டு, ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்குள் நிற்கும் வண்டிகளில் அதைக் கழற்றிய துளை வழியாக மரை போட்ட கம்பி செலுத்தி அமுக்குங்கள். 16 மி.மீ., 8.8 கிரேடு (உறுதி கூடிய எஃகு) கம்பி. மேலும் கீழும் 10 மி.மீ. இரும்புத் தகடு, நட்டுக்கு அடியில் த்ரஸ்ட் பேரிங் (அழுத்தத்திலும் லேசாகச் சுற்ற விடும் பேரிங்), மரை முழுக்க கிரீஸ். விசை கம்பிக்குள்ளேயே அடங்கிவிடும், வண்டியின் கனம் தேவையில்லை. சீலிங் வேலைக்கு விற்கும் சாதா மரைக்கம்பி வேண்டவே வேண்டாம். கம்பி, ஸ்பிரிங் முழுதாக விரியும் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஸ்பிரிங்கில் விசை மிச்சம் இருக்கும்போதே மரை முடிந்துவிடும். ஸ்பேனரால் கையால் மட்டும் சுற்றுங்கள். இம்பாக்ட் கன் மரையைத் தின்றுவிடும்.

ஜாக்கியை நகர விடாதது

ஆர்ம் நேராகக் கீழே இறங்குவதில்லை, வட்டமடித்து இறங்கும். டிராலி ஜாக்கியும் கூடவே உருள வேண்டும், அதனால் சக்கரம் ஆர்ம் நகரும் திசையைப் பார்த்தே இருக்கட்டும். பாட்டில் ஜாக்கி உருளாது, சாயும். கரிசலிலும் தேரி மணலிலும் எந்த ஜாக்கியும் புதையும். சிமெண்ட் தளம் இல்லையென்றால் 6 மி.மீ. இரும்புத் தகடு விரியுங்கள். பால் ஜாயின்ட் (ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) உள்ள வண்டியில் அதன் நட்டை முழுதும் எடுக்காதீர்கள். நாலு மரை மிச்சம் வைத்து, இறுகி உட்கார்ந்திருக்கும் கூம்பு முனையை (டேப்பர்) தட்டி விடுவியுங்கள். அது 'டக்'கென்று விட்டதும் ஜாக்கியில் கனத்தை ஏற்றி, பிறகு நட்டைக் கழற்றுங்கள்.

கயிறு

ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டாதீர்கள். 8 மி.மீ. சங்கிலியை ஸ்பிரிங் சுருளுக்குள் விட்டு கிராஸ் மெம்பரோடு (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஸ்பிரிங் விரிகிற அளவுக்குத் தொய்வு கொடுங்கள். இழுத்துப் பூட்டினால் மிச்ச விசை சங்கிலியில் நின்றுவிடும்.

கேஸ் வைத்துச் சுடுவது

இறுகிய நட்டை விடுவிக்க கேஸ் வைத்துச் சுடாதீர்கள். ஸ்பிரிங்கில் தீ பட்டால் அதன் டெம்பர் (எஃகின் உறுதி) போய்விடும்.

திருச்செந்தூர், தூத்துக்குடி கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் நட்டுகள் துருவில் இறுகியிருக்கும். முந்தின நாள் சாயங்காலமே மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

மாட்டும்போது புஷ் போல்ட்டை அந்தரத்தில் இறுக்குவது

ரப்பர் புஷ் (ஆர்ம் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் உறை) உள்ள வண்டியில், வீல் தரையில் நின்று வண்டி தன் கனத்தில் அமர்ந்த பிறகே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்குங்கள். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.